காலை எடுத்த பிறகும்

பொதுக்காலம் 24ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
சீஞா 27:30 – 28:7, உரோ 14:7-9, மத் 18:21-35



இன்றைய நற்செய்தியில் ஒரு கையைப் பாருங்கள். சற்று முன்புதான், கடன்பட்ட பணியாளன் ஒருவன் அரசன் முன்னால் கூப்பிக் கெஞ்சிய கை அது. கடன் முழுவதும் தள்ளுபடியாகிவிட்டது. மனைவி மக்கள் விற்கப்படாமல் தப்பினார்கள். நிம்மதியோடு வெளியே வந்தவன், எதிரே வந்த, தனக்குக் கடன்பட்டிருந்த உடன் பணியாளனைப் பார்க்கிறான். அதே கை அவன் கழுத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் அவன் மனத்தில் என்ன ஓடியது என்று இயேசு சொல்லவில்லை. கை பிடித்ததையும் நெரித்ததையும் மட்டும் சொல்கிறார்.

அந்தப் பிடியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அதற்காக உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற ஓர் இரும்புப் பொருளைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன். பட்டறை வைத்திருப்பவர்களும் வாடகை வண்டி ஓட்டுபவர்களும் நம் பங்கில் இருக்கிறீர்கள். மகன் கப்பலில் உழைத்து வாங்கித் தந்த காரை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். இந்தக் கடைசி வகையினருக்கு நான் சொல்லப்போவது நன்றாகத் தெரியும். நம் கடற்கரையின் உப்புக்காற்றில் பத்து நாள் சும்மா நின்ற காரைக் கிளப்பினால், ஒரு சக்கரம் வர மறுக்கும். வம்பாக இழுத்தால் ஒரு சத்தத்தோடு விடும், ஆனால் முழுசாக விடாது. பட்டறைக்குப் போனால், "பிரேக் ஜாம் ஆயிருக்கு ஃபாதர், காலிப்பர் ரிலீஸ் ஆகல" என்பார்கள்.

பிரேக் என்றாலே பிடிப்பது என்று நினைக்கிறோம். வண்டி வாங்கும்போது, "பிரேக் நல்லாப் பிடிக்குதா?" என்று கேட்கிறோம். நல்லா விடுதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் பிடிப்பது பிரேக்கின் பாதி வேலைதான். ஓட்டுநர் காலை எடுத்ததும் விட வேண்டும், அது மறுபாதி. ஜாம் ஆன காலிப்பர் பிடிக்காமல் போன காலிப்பர் இல்லை. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்தது, ஆனால் வேலை முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெடலை மிதிக்கும்போது உண்மையில் நாம் தள்ளுவது பிரேக் ஆயிலை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக அந்த அழுத்தம் சக்கரங்களுக்குப் போகிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிஸ்க்கின் இரு பக்கமும் அணைத்தபடி காலிப்பர் இருக்கிறது. ஆயில் தள்ளத் தள்ள அதற்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து, உட்பக்கத்துப் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. அப்படி அழுத்தும்போது காலிப்பர் தானே இரண்டு பின்களின்மேல் வழுக்கி, வெளிப்பக்கத்துப் பேடையும் இழுத்துவந்து மறுபுறம் அழுத்துகிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன்சக்கரங்களில் இப்படித்தான்.

காலை எடுத்ததும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஒரு ஸ்பிரிங் இருக்கும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலான கார்களில் அப்படி எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஆயில் கசியாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. பிஸ்டன் முன்னே போகும்போது அந்த வளையமும் அதோடு சேர்ந்து சற்றே வளைந்து கொடுக்கிறது. அழுத்தம் குறைந்ததும் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு அளவுக்குத்தான். அந்த மயிரிழை இடைவெளி கிடைத்தால் போதும், ஒரு டன் எடையுள்ள வண்டி தடையில்லாமல் ஓடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மன்னிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் பலர் என்னிடம் சொல்வது இது: "ஃபாதர், பழையபடி அவங்க வீட்டுக்குப் போய் உக்காந்து சாப்பிட என்னால முடியாது." உடனே அதைச் செய்யச் சொல்லி யார் கேட்டார்கள்? முதலில் தேவைப்படுவது அந்த மயிரிழை இடைவெளிதான். அவருக்குக் கெடுதல் வந்தால் மகிழ மாட்டேன் என்பது ஒரு மயிரிழை. அவர் வீட்டில் சாவு விழுந்தால் வாசல்வரை போய்வருவேன் என்பது இன்னொன்று. அவர் பெயர் அடிபடும்போது கூட ஒரு பழைய கதையைச் சேர்த்துச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வதும் அப்படித்தான். பிடி விட்டதா என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாத அளவு சிறிய அசைவு அது. ஆனால் சக்கரத்துக்குத் தெரியும்.

ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் திரவத்தில் குறையாமல் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும் என்ற விதியை விளக்கி எழுதியவர் பிரான்சு நாட்டுப் பிளேஸ் பாஸ்கல். நம் கார் பிரேக் இன்றும் அந்த விதிப்படிதான் வேலை செய்கிறது. 1623இல் பிறந்து 1662இல், 39 வயதிலேயே இறந்துபோன அந்தக் கணித மேதை ஆழ்ந்த நம்பிக்கையாளரும்கூட. 1654 நவம்பர் 23ஆம் நாள் இரவில் இறைவனை அனுபவித்து உணர்ந்ததை எழுதி, அந்தத் தாளைத் தன் சட்டையின் உள்துணியில் தைத்து வைத்துக்கொண்டார். அவர் இறந்த பிறகு பணியாள் ஒருவர் அதைத் தற்செயலாகக் கண்டெடுத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய 400ஆவது பிறந்தநாளான 2023 ஜூன் 19 அன்று அவரைப் பற்றி ஒரு திருத்தூது மடலே எழுதினார்.

பாஸ்கலின் விதிப்படி, மிதிக்கும்போது அழுத்தம் எல்லாச் சக்கரங்களுக்கும் போகிறது. காலை எடுக்கும்போது அந்த விடுதலையும் அதேபோல் எல்லாச் சக்கரங்களுக்கும் போகிறது. நற்செய்தியில் அரசன் காலை எடுத்துவிட்டான். பத்தாயிரம் தாலந்துக்கான அழுத்தத்தை ஒரே நொடியில் விட்டுக்கொடுத்தான். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் நாள் கூலி. அப்படியானால் அவனுக்குத் தள்ளுபடியானது ஆறு கோடி நாள் கூலி. எத்தனை தலைமுறை உழைத்தாலும் அடையாத கடன் அது. மேலிருந்து அவ்வளவு பெரிய விடுதலை வந்த பிறகும், கீழே அவன் கை விடவில்லை. அங்கே ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவனுக்கு வர வேண்டிய நூறு தெனாரியமும் சில்லறைக் காசு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கொத்தனாரின் நூறு நாள் கூலி. மூன்று மாதத்துக்கு மேல் ஒரு வீட்டில் அடுப்பு எரிய வேண்டிய பணம். உங்களுக்கு நேர்ந்த காயம் அற்பமானது, அதனால் மறந்துவிடுங்கள் என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. வரப்பில் போன இரண்டடி நிலம், தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்துத் திரும்பாத நகை, ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்ட ஒரு சொல்: இவையெல்லாம் உண்மையான நஷ்டங்கள். அந்த நேரத்தில் பிரேக் பிடித்தது சரிதான்.

ஜாம் ஆன பிரேக்கோடு வண்டி ஓடவும் செய்யும், அதுதான் ஆபத்து. கொஞ்சம் ஒரு பக்கமாக இழுக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். இறங்கிப் பார்த்தால் மூன்று சக்கரங்கள் சாதாரணமாக இருக்க, ஒன்றின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியாத அளவு அனல் அடிக்கும், கருகல் வாடை வரும். இந்த வாடை பெரும்பாலும் உள்ளே ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு முதலில் தெரிவதில்லை. தெருவில் நிற்பவர்களுக்குத்தான் தெரிகிறது. நற்செய்தியிலும் நடந்ததை அரசனிடம் போய்ச் சொன்னவர்கள் கூட வேலை பார்த்தவர்கள். மிகவும் வருந்தினார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். உங்களோடு வாழ்கிறவர்கள், "நீ இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறே" என்று சொன்னால், அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு வாடை வந்துவிட்டது.

அனல் கூடிக்கொண்டே போனால் அது ஆயிலுக்குப் போகிறது. பல கார்களில் நாம் ஊற்றும் டாட் 3 ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 ஆயிலுக்கு 230, 155. அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். கொதித்தால் குழாய்க்குள் ஆவி குமிழியிடும். ஆவி ஆயிலைப் போல் இல்லை; மிதித்த அழுத்தத்தை அது தானே சுருங்கி விழுங்கிவிடும், பெடல் தரையைத் தொடும். விட மறுத்த பிரேக் கடைசியில் பிடிக்கவும் முடியாத பிரேக்காகிவிடும். பத்து வருடம் ஒரே ஆள்மேல் கோபத்தைக் காத்துவந்தவர், தன் சொந்தப் பிள்ளை தவறான வழியில் போகும்போது ஒரு சொல் சொல்லித் தடுக்க முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் சொல்லில் பிடிப்பே இல்லாமல் போயிருந்தது.

எருசலேமில் கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சீராக், இன்றைய முதல் வாசகத்தில் இதைத்தான் பேசுகிறார். கோபம் அருவருப்பானது, பாவியோ அதைப் பற்றிக்கொண்டிருக்கிறான் என்கிறார். கோபம் வருவதைவிட அதைப் பற்றிக்கொண்டிருப்பதுதான் அவரை உறுத்துகிறது.

சரி, ஜாம் ஆன பிரேக்கை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? முடியும், எல்லாவற்றையும் இல்லாவிட்டாலும் பெரும்பகுதியை. செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒன்றைப் பீடத்தில் நின்றே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் விஷயம். சமதளத்தில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே சற்று இளக்கிவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி முட்டுக் கொடுக்காதீர்கள், அவை திடீரென நொறுங்கும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போனவர்கள் வீடு திரும்பாமல் போயிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

காலிப்பரைக் கழற்றினால், அதை ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. ஒரு கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும். இப்போது இரண்டு பேடுகளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்கள் ஒட்டிக்கொண்ட வண்டியில், உட்பக்கத்துப் பேட் தகடு தெரியுமளவுக்குத் தேய்ந்திருக்கும். வெளிப்பக்கத்தது பாதிகூடத் தேய்ந்திருக்காது. காலிப்பர் வழுக்கி நகராததால் எல்லாப் பாரமும் ஒரு பக்கத்துப் பேட்மேல் விழுகிறது. அப்பனும் மகனும் பேசிக்கொள்ளாத வீடுகளில் அந்த உட்பக்கத்துப் பேட் யார் என்று உங்களுக்கே தெரியும். இவர் சாப்பிட்ட பிறகு அவருக்குத் தனியாகச் சோறு போட்டு, இவர் சொன்னதை அவரிடம் கொஞ்சம் மாற்றிச் சொல்லி, இரண்டு பேருக்கும் நடுவே தேய்ந்துகொண்டிருக்கும் தாய். சண்டை போட்டவர்கள் இருவரும் நன்றாகத்தான் இருப்பார்கள்.

பின்களை உருவிப் பார்த்தால் காரணம் தெரியும். ஒரு காலத்தில் கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த பக்கு இருக்கும். அல்லது பின்னைக் காக்கும் சிறிய ரப்பர் உறை எங்கோ கிழிந்து, அந்தக் கிழிசல் வழியாக மழைத்தண்ணீர் போய்த் துரு கட்டியிருக்கும். அந்த உறையின் விலை மிகக் குறைவு. பின்னைத் துணியால் துடைத்து, துருவை நீக்கி, பள்ளம் விழுந்திருந்தால் புதியதை மாற்ற வேண்டும். பேடின் காதுகள் உட்காரும் இடங்களிலும் துரு இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தால்தான் பேட் கையால் தள்ளியதும் நகரும். தூசியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். ஈரத் துணியால் துடையுங்கள்.

அதற்குப் பிறகு வருவது கிரீஸ். இதில்தான் வீட்டில் வேலை பார்ப்பவர்கள் பலர் அவசரப்படுகிறார்கள். கையில் கிடைத்த சாதாரண கிரீஸையோ என்ஜின் ஆயிலையோ தடவினால், அன்றைக்கு அந்தப் பின் அருமையாக வழுக்கும். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் பிரேக்கின் ரப்பரை ஊதிப்போகச் செய்யும். கொஞ்ச நாளில் பழையதைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். நிறையத் திணித்தாலும் பின் உள்ளே போகாது. டிஸ்க்கிலும் பேட் முகத்திலும் ஒரு துளிகூடப் படக் கூடாது.

சண்டை தீர்த்து வைக்கிறேன் என்று வருகிறவர்கள் தடவும் சாதாரண கிரீஸை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரையும் கூட்டிவைத்து, "கையைக் குடுங்கப்பா, முடிஞ்சுது, வாங்க டீ குடிப்போம்" என்பார்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலி யார் இடத்தில் இருக்கிறது என்று அளந்திருக்க மாட்டார்கள். திருவிழா அன்று கை குலுக்கியவர்கள் கொடியிறக்கத்துக்குள் மறுபடி முறைத்துக்கொள்வார்கள். துருவைச் சுரண்டாமல் தடவிய கிரீஸ் அது. நஷ்டத்தை நஷ்டம் என்று சொல்லக் கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, அதன் பிறகு சொல்லப்படும் மன்னிப்பு மெல்லியதாக இருந்தாலும் நிற்கிறது.

சில வண்டிகளில் பின்களை என்ன செய்தாலும் சக்கரம் விடாது. அப்போது பிஸ்டனைப் பார்க்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து, ஆயில் பொங்குகிறதா என்று கவனித்தபடி, கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். போகவில்லையானால் காலிப்பரில் இருக்கும் நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, அதைக் கொஞ்சம் இளக்குங்கள். இளக்கிய பிறகும் அசையாவிட்டால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. அதைச் சுத்தியலாலும் குறடாலும் வம்பு செய்யாதீர்கள், மெக்கானிக்கிடம் கொடுங்கள். நிப்பிளை இளக்கியதும் ஆயில் பீறிட்டு, பிஸ்டன் சட்டென்று உள்ளே போனால், காலிப்பர்மேல் குற்றமே இல்லை. அழுத்தம் மேலே எங்கோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் அது ஹோஸ்.

வெளியே பார்த்தால் அந்த ஹோஸ் நன்றாகத்தான் இருக்கும். வயதாகி அதன் உள்ரப்பர் உரிந்து வழியை அடைத்திருக்கும். காலின் பலத்தில் ஆயில் முட்டிக்கொண்டு கீழே போய்விடும். காலை எடுத்ததும் திரும்பிவர அதற்குப் பலம் கிடையாது, அங்கேயே தங்கிவிடும். எத்தனை முறை காலிப்பரைச் சுத்தம் செய்தாலும் மறுபடி பிடிக்கும். ஹோஸைத்தான் மாற்ற வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுவது நல்லது.

நம் ஊரில் சில குடும்பங்களுக்குள் இருபது, முப்பது வருடமாகப் பேச்சு கிடையாது. படகுத் தகராறோ பங்குத் தகராறோ, தொடங்கியவர்கள் கல்லறைக்குப் போய்விட்டார்கள். இன்று முறைத்துக்கொள்ளும் இளைஞர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் அவர்களுக்கு என்ன காரணம் என்றுகூடத் தெரிவதில்லை. இந்தப் பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. மேலேயிருந்து கீழே வெறுப்பு இறங்க வழி இருந்தது, திரும்பி ஏற வழி இல்லாமல் அடைத்துவிட்டோம். பெற்றோரே, தாத்தா பாட்டிமாரே, இதை உங்களிடம்தான் கேட்கிறேன். பிள்ளைகளை உட்காரவைத்து, "அது எங்க காலத்துச் சண்டை, உங்களுக்கு வேண்டாம்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, முக்கியமாக ஒரு பெண்ணுக்கு, நான் இன்னொன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். காலிப்பரைச் சரிசெய்வது என்றால் காலிப்பரைக் கழற்றி எறிவது கிடையாது. பிரேக் இல்லாத வண்டியை யாரும் ரோட்டில் விட மாட்டார்கள். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனை மன்னித்துவிடு என்று சொல்லி அதே அறைக்குள் திருப்பி அனுப்புவது நற்செய்தி இல்லை. குழந்தையிடம் தவறாக நடந்தவனை மன்னித்தோம் என்று சொல்லிக் காவல் நிலையத்துக்குப் போகாமல் இருப்பதும் நற்செய்தி இல்லை. அங்கே பிடிக்க வேண்டும், பலமாகப் பிடிக்க வேண்டும், ஆபத்து நீங்கும்வரை காலை எடுக்கவே கூடாது. உங்களை அப்படிப் போகச் சொல்லி யாராவது என் பெயரையோ திருச்சபையின் பெயரையோ சொன்னால், நம்பாதீர்கள், நேராக என்னிடம் வாருங்கள்.

பிடியும் விடுதலையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருள்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் பயணம் செய்துகொண்டிருந்தவரைச் சமந்தர் சிங் என்பவர் பலமுறை குத்திக் கொன்றார். சட்டம் தன் வேலையைச் செய்தது; ஆயுள் தண்டனை கிடைத்தது. ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மியும் துறவி. அவர் 2002இல் சிறைக்குப் போய், அக்காவைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரராக ஏற்றுக்கொண்டார். தாய் அந்தக் கைகளை முத்தமிட்டார். சமந்தர் சிங்கின் விடுதலைக்கு அந்தக் குடும்பமே துணைநின்றது. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளர் என அறிவிக்கப்பட்டபோது, அந்தக் கூட்டத்தில் சமந்தர் சிங்கும் இருந்தார். கொலை நடந்ததற்கும் ராக்கி கட்டியதற்கும் இடையே ஏழு ஆண்டுகள். அந்தக் குடும்பத்தில் யாரும் அவசரப்படுத்தப்படவில்லை என்பதை நான் மதிக்கிறேன். அந்த ஏழு ஆண்டுகளையும் கடவுள் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலிப்பர் வேலையில் கடைசியாக ஒன்று இருக்கிறது. ஹோஸையோ பிஸ்டனையோ தொட்டிருந்தால், குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றினால்தான் பெடல் கெட்டியாகும். சாதாரணக் கருவிகளோடு வீட்டில் செய்யும்போது இதைத் தனியாளாகச் செய்வது கடினம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே குனிந்து நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். "அமுத்து... புடிச்சுக்கோ... இப்ப விடு" என்று ஒருவர் குரலுக்கு மற்றவர் செயல்பட வேண்டும். நிப்பிளை மூடுவதற்கு முன்பே காலை எடுத்துவிட்டால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். டப்பாவில் ஆயில் குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கி, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். முதல் மிதியில் அது தரைவரை போகும். அதற்குள் கிளம்பிவிடாதீர்கள்.

மனத்துக்குள் சிக்கிய காற்றையும் தனியாக வெளியேற்றுவது கடினம் என்பதால்தான் திருச்சபை ஒப்புரவு அருள்சாதனத்தில் இரண்டு பேரை உட்காரவைத்திருக்கிறது. சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து கோயிலில் இருப்பேன். மன்னிக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டும் வரலாம்; அதையும் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வீட்டாருக்கு நடுவே பேச வேண்டியிருந்து, நடுவில் உட்கார ஆள் இல்லையென்றால், உங்கள் அன்பியத்தின் பொறுப்பாளரிடம் சொல்லியனுப்புங்கள், நானே வருகிறேன். காருக்கு வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒன்று: பங்கு இல்லத்தில் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் இருக்கின்றன. கேட்டு வாங்கிப்போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வையுங்கள்.